தலைகீழ்ப் பூவுக்கு ஒரே சாட்சி

உங்கள் தலையில் முடி மிச்சம் இருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. நம் வயசில் அது மரியாதையான கேள்வி இல்லை. என் கதையைச் சொல்லிவிடுகிறேன்: கொசு வந்து உட்கார்ந்தால் வழுக்கி விழுகிறது. அப்படிப்பட்டவன் முடியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சிரிக்கத்தான் தோன்றும். சிரித்துக்கொள்ளுங்கள். இது என் முடியைப் பற்றியது அல்ல. என் அத்தையின் முடியைப் பற்றியும், அதை உதிர்த்துப் போட்ட ஒரு பூவைப் பற்றியும்.

சிலாங்கூரில் ஈஜோக் போகிற சாலையோரத்தில் செடி விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே மகள் உரம் வாங்கிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல எதையாவது தொட்டுக் கீழே தள்ளாமல் இருக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு சட்டியில் குச்சி நட்டு, அதில் கொடி ஏற்றி வைத்திருந்தார்கள். மேலே ஒரு மொட்டு பச்சை. அதற்கு அடுத்தது மஞ்சள். அடுத்தது சிவப்பு. மூன்றும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இதழ்களை மட்டும் மேல் நோக்கித் தூக்கி வைத்திருந்தன, கூரையிலிருந்து தலைகீழாக விழுகிறவன் தலைமுடி போல. இலை நுனி ஒவ்வொன்றும் சுருண்டு குச்சியைப் பிடித்திருந்தது.

அங்கேயே ஒரு உரமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். மகள் ஓடி வந்து, அப்பாவுக்கு நெஞ்சு வலியா என்று கேட்டாள். இல்லை, இதன் பேர் என்ன என்று பார்த்துச் சொல் என்றேன். அவள் கைபேசியைப் பூவுக்கு நேரே நீட்டினாள். மூச்சு விடுவதற்குள் பேர் வந்தது, ஊர் வந்தது, கிழங்கு கடும் விஷம் என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கையும் வந்தது. கடைக்காரச் சீனர், "அங்கிள், வெரி ஈஸி லா, தண்ணி மட்டும் ஊத்து," என்றார்.

ஒரு தோட்டமே சேர்ந்து கண்டுபிடிக்க முடியாத பூ அது. முடியாமல் போனதற்குக் காரணம், அதைப் பார்த்திருந்த ஒரே ஆள் நான்.

எங்கள் தோட்டம் ஈஜோக்குக்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவில். அப்போது பாதி ரப்பர், பாதி புதிதாக நட்ட செம்பனை. எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வடிகால், அதற்கு அப்பால் யாரும் வெட்டாத புதர்க்காடு. காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் வீட்டுக்குத் திரும்பும்போது அவர்கள் துணியில் இருந்து ஒரு புளித்த வாசம் வரும். நமக்கெல்லாம் தெரிந்த வாசம்தான். அதைப் பேரப்பிள்ளைகளுக்கு விளக்க முயன்று தோற்றுப்போகாதவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. அப்பாவைப் பெற்றவர்கள் இருவரும் போய்விட்டதால் எங்களோடு இருந்தாள். எட்டு மரம் தள்ளி நின்றாலே யாருடைய முடி என்று தெரியும் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்வார். அவ்வளவு முடி. வேலைக்குப் போகும்போது அதைச் சுருட்டித் தலைத்துணிக்குள் திணிப்பாள். தலை மேல் இன்னொரு தலை வைத்தது போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பைப்படியில் குளித்துவிட்டு, காயவைக்க என்னைத்தான் கூப்பிடுவாள். ஒரு முனையை அவள் பிடிப்பாள், ஒரு முனையை நான். போர்வை உதறுகிற மாதிரி உதறுவோம். என் கண்ணெல்லாம் தண்ணீர் தெறிக்கும். தேங்காயெண்ணெயும் வெயிலும் சேர்ந்த வாசம்.

அந்த வருஷம் சித்திரையில் அவளைக் கெர்லிங்கில் இருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை லோரி ஓட்டுகிறவர். வந்த இடத்தில் என்னிடம் பேச்சுக் கொடுத்தார், உங்க தோட்டத்தில் புலி இருக்குதாமே என்று. இருக்கிறது, மாசாமாசம் சம்பளம் வாங்க ஆபீசுக்கு வரும் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த காப்பி சட்டையில் கொட்டியது. கதவுக்குப் பின்னால் நின்ற அத்தையும் சிரித்துவிட்டாள். பெண் பார்க்கும்போது பெண் சத்தமாகச் சிரித்தது எங்கள் லயத்தில் அதுதான் முதல் தடவை என்று அம்மா பல நாள் புலம்பினார். ஆவணியில் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு அத்தை மரம் வெட்டும்போது பாடுகிறாள் என்று பக்கத்து நிரையில் வெட்டுகிறவர்கள் சொன்னார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை பாடியதில்லை.

புலி சம்பளம் வாங்கிய கதையை வைத்தே என்னைப் பற்றி நீங்கள் முடிவு செய்திருப்பீர்கள். தோட்டமும் முடிவு செய்திருந்தது. எனக்குப் புளுகுணி என்று பேர். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியின் நாய் ஏகாதசி விரதம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். வடிகாலில் கண்ணாடி போட்ட முதலை வந்தது என்று சொல்லியிருக்கிறேன். கண்ணாடி போட்டது என்று சேர்க்காமல் இருந்திருந்தால் நம்பியிருப்பார்கள். எனக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

அந்தப் பூ சித்திரை மழையில் பூத்தது. வடிகாலுக்கு அப்பால், புதரின் விளிம்பில், ஒரு செத்த மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பலகைப் பாலம் தாண்டிப் போய்ப் பார்ப்பேன். முதல் நாள் பச்சையாக இருந்ததே என்று மறுநாள் போனால் மஞ்சள். இன்னொரு நாள் ஓரத்தில் நெருப்புப் பிடித்திருந்தது. கடைசியில் முழுச் சிவப்பு. இதழ் ஓரமெல்லாம் அப்பளம் பொரித்தது போல நெளிநெளியாக. நானே அசந்து போகிற அளவுக்குப் புளுகுகிற ஒரு பூ. எங்களுக்குள் ஒரு சொந்தம் ஏற்பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனியில் வெயில் ஏறியதும் கொடி மஞ்சளாகி, காய்ந்து, ஒரு நாள் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

ஆனி முடியும் சமயம், அத்தை அந்தப் புதரோரத்தைக் கொத்தினாள். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குச் சமைக்கக் கத்தரியும் வெண்டையும் போடலாம் என்று அவள் யோசனை. கொத்தும்போது கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த கிழங்கு ஒன்று வந்தது. வெள்ளையாக, வழவழப்பாக, பார்த்தால் சர்க்கரைவள்ளிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. பசியோடு இருந்தாள். வேகவைத்தாள்.

எனக்கும் ஒரு துண்டு கிடைத்திருக்கும். அன்று காலை பெரட்டுக்களத்தில், அதாவது வேலைக்கு ஆள் எண்ணுகிற இடத்தில், பெரிய துரை செத்துப்போனார், இன்றைக்கு லீவு என்று நான் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு லயம் திரும்பிப் படுத்துவிட்டது. அதனால் காதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் தண்டனையில் இருந்தேன். அத்தை கிழங்கை ஆட்டிக் காட்டி, வாய் நிறைய வைத்து, கண்ணை மூடி ரசிப்பது போல நடித்தாள். அடுத்த நிமிஷம் முகம் சுளித்துத் துப்பினாள். கசப்பு. விழுங்கியது கொஞ்சம்தான். மிச்சத்தை வடிகாலில் எறிந்துவிட்டு, உனக்குக் கொடுத்து வைக்கலடா என்றாள்.

சாயங்காலம் வாந்தி ஆரம்பித்தது. நிற்கவில்லை. வயிறும் சேர்ந்துகொண்டது. தோட்டத்து மருந்தகத்தில் இருந்து டிரஸ்ஸர் ஐயா வந்து பார்த்து, என்ன தின்றாள் என்று கேட்டார். கிழங்கு. என்ன கிழங்கு? ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தைக்குப் பேச முடியவில்லை. அப்பா லாந்தரை எடுத்துக்கொண்டு போய், கொத்திய இடத்தைச் சுற்றி முளைத்திருந்த எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு கோணியில் கட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் கொட்டினார்கள். கோரை, லாலாங் புல், ஊதாப் பூ செண்டுடுக், தொட்டாற்சுருங்கி, பேர் இல்லாத இன்னும் என்னென்னவோ. டிரஸ்ஸர் ஐயா ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். நான்தான் அந்தப் பக்கம் சுற்றுகிறவன் என்று எல்லாருக்கும் தெரியும். இதுவா? இல்லை. இதுவா? இல்லை. அப்போ எது?

சொன்னேன். முதல் நாள் பச்சை, அப்புறம் மஞ்சள், அப்புறம் சிவப்பு. பூ கீழே பார்க்கும், இதழ் மேலே பார்க்கும். இலைக்கு வால் இருக்கும், அந்த வாலால் கிளையைப் பிடிக்கும். இப்போது போய்ப் பார்த்தால் இருக்காது.

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா அடித்தார். அதுவரை நான் சொன்ன எந்தப் பொய்க்கும் அப்படி அடி வாங்கியதில்லை. அத்தை உள்ளே உயிருக்குப் போராடுகிறாள், இவன் கூத்துக் கட்டுகிறான் என்றார்கள். கண்ணாடி போட்ட முதலைக்குச் சிரித்தாவது வைத்தவர்கள் அந்தப் பூவைத் துளியும் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நீங்களே யோசித்துப் பாருங்கள், என் முகத்தை வைத்துக்கொண்டு யாராவது அப்படிச் சொன்னால் நம்புவீர்களா?

தோட்டத்து லோரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா மாரியம்மன் கோயிலுக்கு ஓடினார். அவள் பிழைத்தால் அந்த முடியை முழுசாக உனக்கே தருகிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டார். மொத்தக் குடும்பத்திலும் கொடுக்கத் தகுந்ததாக இருந்தது அது ஒன்றுதான்.

அத்தை பிழைத்தாள். கண் உள்ளே போய், கழுத்தெலும்பு தெரிய, பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தாள். லயமே வாசலுக்கு வந்தது. வேண்டுதலை எப்போது நிறைவேற்றுவது என்று பூசாரி கேட்டார். அவரும் பால் வெட்டுகிறவர்தான், இந்தியாவில் பிறந்து சின்ன வயசில் வந்தவர். அப்பா கெஞ்சினார். ஆவணியில் கல்யாணம், மொட்டைத் தலையில் எப்படிப் பூ வைப்பது, தை பிறக்கட்டும் என்றார். பூசாரி, "ஆத்தாகிட்ட தவணை கேக்கற மொத ஆளு நீதான்பா," என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

அத்தை வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டுக் கூப்பிட்டாள். ஒரு முனையை நான் பிடித்தேன். உதறினோம். முனை என் கையோடு வந்துவிட்டது.

வலிக்கவில்லை என்றாள். அதுதான் எங்கள் இருவருக்கும் பயமாக இருந்தது. நான் பிடித்த முடியைத் திரும்ப அவள் தலையில் வைக்கப் பார்த்தேன், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது போல. அடுத்தடுத்த நாட்களில் சீப்பில், தலையணையில், சோற்றில், எங்கே பார்த்தாலும் முடி. ஆடி பாதி ஆனபோது தலையில் அங்கங்கே ஒரு கொத்து மட்டும். புருவம்கூட மெலிந்து போயிற்று. அம்மா விழுந்ததையெல்லாம் பொறுக்கி, ரோஜா படம் போட்ட பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தார்.

இப்போது என் மகள் நர்ஸாக இருக்கிறாள். செடிக் கடையில் இருந்து வீட்டுக்கு வருகிற வழியில் சொன்னாள்: அந்த விஷம் உடம்பில் வளருகிற எல்லாவற்றையும் நிறுத்திவிடுமாம். பிழைத்தவர்களுக்கு இரண்டு வாரம் போல ஆனதும் முடி கொட்டுமாம். அப்புறம் அதுவாகவே முளைத்துவிடுமாம். சொல்லிவிட்டு விளக்குச் சிவப்பாக இருக்கிறது என்று வண்டியை நிறுத்தினாள். அதுவாகவே முளைத்துவிடும். இந்த இரண்டு வார்த்தையை அன்றைக்குச் சொல்ல எங்களுக்கு ஓர் ஆள் இல்லை.

இருந்தவர்கள் சொன்னது வேறு. ஆத்தா தவணைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவளே வந்து எடுத்துக்கொண்டாள் என்றார் பூசாரி. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தன் வேண்டுதல்தான் நாத்தனாரை மொட்டையாக்கியது என்று நினைத்து, அடுப்படியில் தனியாக அழுவார். லயத்தின் மறுமுனையில் வேறு மாதிரிப் பேசினார்கள். புருவமும் போகிறதென்றால் அது பெருவியாதி என்றார்கள். எங்கள் பைப்பில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் குறைந்தார்கள். நான் மட்டும், அந்தக் கிழங்குதான், அந்தப் பூவோட கிழங்குதான் என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன். எனக்கு மருத்துவம் தெரிந்தா சொன்னேன்? அந்தப் பூவுக்காக வாங்கிய அடி வீணாகக் கூடாது என்று சொன்னேன்.

பேச்சு கெர்லிங் போய்ச் சேர்ந்தது. ஆடியில் சம்பந்தி வீட்டார் நல்ல விஷயத்துக்கு வர மாட்டார்கள். அவர்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்தார். கறுப்புத் துணியில் ஒரு பட்டை தைத்து, அதில் முடியைக் கொத்துக் கொத்தாகக் கோத்து, பின்னி, அத்தையின் தலையில் கட்டி, பட்டை தெரியாமல் சுற்றி மல்லிகையை அள்ளி வைத்தார். அத்தையின் முடியேதான். அத்தையின் தலையேதான். இருந்தும் பொய்.

மாப்பிள்ளையின் அப்பா, அம்மா இருவரும் வந்தார்கள். மாப்பிள்ளை லோரியில் போயிருந்தார். அப்பா நாற்காலி துடைத்துப் போட்டார். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி. பெண்ணைப் பார்த்ததும் அவருக்கு மனம் லேசாகிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. ஊரார் பேச்சு ஊரார் பேச்சுதான் என்று சொல்லிக்கொண்டே, கொண்டுவந்த பூவை எடுத்து, மருமகளே திரும்பு என்று, தன் கையால் வைக்கப் போனார். வருகிற மாமியார் பூ வைத்துவிடுவார் என்று அம்மா நினைத்துப் பார்க்கவே இல்லை. பூவைச் செருக அவர் பின்னலை லேசாகத் தூக்கினார். மொத்தமும் கையோடு வந்துவிட்டது.

அவர் கத்தவில்லை. அதை மெதுவாக அத்தையின் மடியில் வைத்தார், சாப்பிட்ட தட்டைத் திரும்பக் கொடுப்பது போல. அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அம்மா மாரியம்மனைப் பற்றிச் சொன்னார். ஆத்தாளின் கோபத்துக்கு ஆளான பெண்ணா, வியாதி வந்த பெண்ணா, இரண்டில் எதை அவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போவது? நான் போய் நடுவில் நின்றேன். பூவைச் சொன்னேன். பச்சை, மஞ்சள், சிவப்பு, தலைகீழ், வால் எல்லாம் சொன்னேன். கிழங்கைச் சொன்னேன். ஒன்றையும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு சுத்தமான உண்மையை அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. என் கல்யாணத்தன்று உட்பட.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புலி சம்பளம் வாங்கின பையன்தானே இவன் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அத்தையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. என்னிடம் குனிந்து, "பூவக் காட்டுடா. கண்ணால பாத்துட்டா நானே நாள் குறிக்கிறேன்," என்றார்.

விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்பா நிஜம் என்று எடுத்துக்கொண்டார். எல்லாரும் கிளம்பினோம். நான் முன்னால். எனக்குப் பின்னால் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மாப்பிள்ளையின் அப்பா, பட்டுச்சேலை நனையாமல் அவர் மனைவி, அப்பா, அம்மா, கடைசியில் தலையில் துண்டு போட்ட அத்தை. பலகைப் பாலத்தில் ஒவ்வொருவராகக் கடந்தோம். பலகை கிறீச்சிட்டது. கெட்ட பால் வாசமும் சேற்று வாசமும்.

போய் நின்றோம். காய்ந்த மண். அத்தை கொத்திப் போட்ட கட்டிகள். அவ்வளவுதான். பூ இருக்காது என்று எனக்குத்தான் முன்பே தெரியுமே. எல்லாரையும் அழைத்துக்கொண்டு ஏன் போனேன்? போனால் இருந்துவிடும் என்று நினைத்தேன். அந்த வயசில் அப்படித்தான் நினைப்போம். குனிந்து கையால் தோண்டினேன். நகக்கண்ணில் மண் ஏறியது. வேர் வந்தது, கல் வந்தது, கிழங்கு வரவில்லை. கடைசியில் அத்தைதான் வந்து என் தோளைத் தொட்டு, "போதும்டா, எழுந்திரு," என்றாள்.

சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். தாம்பூலத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த நம்பிக்கையில் அப்பா ஆவணி முழுக்கக் காத்திருந்தார். புரட்டாசியிலும் காத்திருந்தார். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பியிருப்பார்கள் இல்லையா என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா ஆமாம் என்பார்.

அத்தை தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். தலை மேல் இருந்த இன்னொரு தலை இல்லை. பாட்டும் இல்லை. ஆனால் ஐப்பசியில் ஒரு நாள் துணியை அவிழ்த்தபோது, உள்ளே புசுபுசுவென்று கோழிக்குஞ்சு மாதிரி முளைத்திருந்தது. என் கையைப் பிடித்துத் தடவிப் பார்க்க வைத்தாள். இப்போது புக்கிட் பெலிம்பிங்கில் மகன் வீட்டில் இருக்கிறாள்; நரைத்தாலும் அடர்ந்த கொண்டை. என்னைப் பார்த்தால் சீப்பை நீட்டி, தேவைப்படுமாடா என்று கேட்பாள். ஆகவே அவள் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். நான் சொல்லிக்கொண்டிருப்பது அந்த ஒரு கல்யாணத்தைப் பற்றி.

கார்த்திகை மழையில் அது முளைத்தது. நாங்கள் நின்ற இடத்தில் இல்லை, இரண்டடி தள்ளி. நான் தவறான இடத்தில் தோண்டியிருக்கிறேன். பூக்கும் வரை யாரிடமும் சொல்லவில்லை. நான் பட்டதே போதும். பச்சை மொட்டு, மஞ்சள், சிவப்பு மூன்றும் ஒரே கொடியில் ஒரே சமயத்தில் நின்ற நாளில் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அப்பா வெகுநேரம் குனிந்து பார்த்தார். இலையின் வாலை விரலால் நீட்டிப் பார்த்தார், விட்டதும் சுருண்டுகொண்டது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பூசாரியை அழைத்து வந்தார். பூசாரி தூரத்திலேயே நின்று, "அட, கார்த்திகைப்பூ. எங்க ஊரு வேலியெல்லாம் இதுதான கெடக்கும். கெழங்கு ஆள கொன்னுரும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இதத்தான் சொன்னியா? இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாடா?"

சொன்னேனே என்றேன். நீ பச்சை என்று ஆரம்பித்தாய், இது சிவப்பு அல்லவா என்றார் அவர். பூக்கும் முன் மொட்டுகளை அவர் உற்றுப் பார்த்ததே இல்லையாம்.

மறுநாள் விடியும்போதே அப்பா கொடியை அடியோடு வெட்டி, ஈரக் காகிதத்தில் சுற்றி, அடித்தண்டைப் பால் பிடிக்கிற மங்கில் தண்ணீர் ஊற்றி வைத்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். சாட்சிக்கு நான். ஈஜோக்கில் ஒரு பஸ், ராவாங்கில் ஒரு பஸ். வழியெல்லாம் அந்த மங்கை மடியில் வைத்து, சாமி விக்கிரகம் போலப் பிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி அழகாக இருக்கிறது என்றார். அப்பா அவரிடம் முழுக் கதையையும் மலாயில் சொன்னார். அப்பா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. முடி முளைத்துவிட்டது, பூவும் கிடைத்துவிட்டது, தையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

கெர்லிங்கில் மாப்பிள்ளையின் அப்பா வாசலிலேயே இருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறினார். பிறகு வாங்க வாங்க என்றார். அப்பா உட்காரக்கூட இல்லை, மேசையில் காகிதத்தைப் பிரித்தார். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பச்சையைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார். தலையைச் சாய்த்து, பூ தலைகீழாக இருப்பதையும் பார்த்தார்.

"நீ சொன்னது அத்தனையும் நெசம்தான்டா," என்றார். அப்பா சிரித்தார். அப்பாவின் பல் வரிசையை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

உள்ளே இருந்து காப்பி வந்தது. கொண்டுவந்தவருக்குக் கழுத்தில் மஞ்சள் கயிறு, மஞ்சள் இன்னும் சட்டையில் படிகிற அளவுக்குப் புதிது. மேசையில் இருந்த பூவைப் பார்த்து, ஐயோ எவ்வளவு அழகு மாமா, எங்கே கிடைத்தது என்று கேட்டார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெண்ணே ஒரு கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து, கொடியைப் பக்குவமாக வளைத்து அதில் வைத்து, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நகர்த்தினார்.

அப்பா காப்பியைக் குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தோம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தோம் என்றார். என் அப்பா சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. நல்ல பொய்யும் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று, வாசல் வரை வந்து, பஸ் வரும் வரை எங்களோடு வெயிலில் நின்றார். இருவரும் ரப்பர் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலைத்துணி இல்லை. புது முடி காதுக்கு மேல் சுருண்டு நின்றது. முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள், நம்பினார்களா என்று.

"நம்பிட்டாங்க," என்றார் அப்பா.

பூ எங்கே என்றாள். அங்கேயே வைத்துவிட்டு வந்தோம் என்றேன் நான். வெறுமனே வைத்தால் வாடிவிடுமே என்றாள். இல்லை, கிளாசில் தண்ணீர் ஊற்றித்தான் வைத்தார்கள்.

"யாரு வச்சா?"

அப்பா கால் கழுவப் பைப்படிக்குப் போய்விட்டார். நான் நின்றேன். ஒரு அக்கா என்றேன். எந்த அக்கா என்று அவள் கேட்கவில்லை. முறத்தில் இருந்த அரிசியை ஒரு பக்கமாகச் சாய்த்து, கல்லைத் தேடி எடுத்துப் போட்டாள். இன்னொரு கல். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் புள்ளைக்கு முடி எம்புட்டு இருக்கும்?"

என் தோளைத் தொட்டுக் காட்டினேன். இது வரைக்கும்தான் அத்தை என்றேன்.

"அம்புட்டுதானா?" என்றாள். அவள்தான் முதலில் சிரித்தாள்.